பேக் கவரோடு வயர்லெஸ் சார்ஜ்: எது தடுக்கும், எது தடுக்காது

கேட்டவர் சொன்ன விவரம் இவ்வளவுதான்: போன் கீழே விழுந்தாலும் தாங்கும் என்று தடித்த பேக் கவர் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறார். கவரின் பின்னால் விரல் நுழைக்கும் ரிங் ஒட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு வயர்லெஸ் சார்ஜர் ஸ்டாண்டில் வைத்தால் சில நாள் ஒழுங்காக ஏறுகிறது, சில நாள் விட்டுவிட்டு ஏறுகிறது, காலையில் பார்த்தால் 60 சதவீதத்தில் நிற்கிறது, போனும் சுடுகிறது. தினமும் கவரைக் கழற்றித்தான் வைக்க வேண்டுமா, இப்படியே விட்டால் பேட்டரி போய்விடுமா என்கிறார். ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன: சார்ஜ் ஏறுமா, எவ்வளவு வேகத்தில் ஏறும், எவ்வளவு சூட்டோடு ஏறும். முதலாவதைத் தீர்மானிப்பவை உலோகமும் இடைவெளியும். இரண்டாவதை, போனை வைக்கும் இடமும் அடாப்டரும். மூன்றாவதில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பங்கு கேட்கும்.

சுருக்கமான பதில் போதும் என்பவர்களுக்கு: பிளாஸ்டிக், சிலிக்கான், ரப்பர், தோல், மரம் இவற்றில் செய்த, 3 மி.மீ.க்கு உட்பட்ட கவர் என்றால் கழற்ற வேண்டியதில்லை. பின்புறத்தின் நடுவில் எந்த வடிவத்திலாவது உலோகம் இருந்தால் அந்தக் கவரோடு வயர்லெஸ் சார்ஜில் வைக்கவே கூடாது. கேட்டவருடைய விஷயத்தில் என் சந்தேகம் முதலில் ரிங் மீது, பிறகு ஸ்டாண்டில் போன் உட்காரும் உயரத்தின் மீது, பிறகு அடாப்டர் மீது. கவரின் தடிமன் நாலாவதாகத்தான் வருகிறது. ஆனால் எல்லோரும் முதலில் கைகாட்டுவது அதைத்தான்.

இனி காரணம். சார்ஜர் பேடுக்குள், அதாவது போனை வைக்கும் தட்டுக்குள், ஒரு செம்புக் காயில் (கம்பிச் சுருள்) இருக்கிறது. அதில் மாறுதிசை மின்னோட்டம் ஓடும். க்யூஐ (Qi) என்பது வயர்லெஸ் சார்ஜிங்குக்கான பொதுத் தரநிலை. சாதாரண க்யூஐ பேடுகளில் விநாடிக்கு ஏறத்தாழ 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் முறை, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகைகளில் 3,60,000 முறை அது முன்னும் பின்னுமாக ஒரு சுற்று ஓடி முடிக்கிறது. அதனால் எழும் காந்தப்புலம் போனின் முதுகுக்குள் தட்டையாகப் படுத்திருக்கும் இன்னொரு காயிலில் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. அந்தக் காயிலுக்குப் பின்னால் ஃபெரைட் என்ற காந்தப் பொருளில் செய்த தகடு ஒன்று இருக்கும். புலம் பேட்டரிக்குள் புகுந்து அதைச் சூடாக்காமல் திருப்பிவிடுவது அதன் வேலை. இந்த ஏற்பாட்டுக்கு உலோக முதுகு ஆகாது. அலுமினிய உடம்போடு வந்த ஐபோன் 7-க்கு அடுத்து, 2017-இல் வயர்லெஸ் சார்ஜிங்கோடு வந்த ஐபோன் 8 கண்ணாடி முதுகுக்கு மாறியதற்கு இது முக்கியமான காரணம். கண்ணாடி, பிளாஸ்டிக், சிலிக்கான், தோல், துணி, மரம் எல்லாமே இந்தப் புலத்துக்கு வெறும் காற்று மாதிரிதான். 2 மி.மீ. தோல் கவரும் 2 மி.மீ. சிலிக்கான் கவரும் சார்ஜருக்கு ஒன்றே. “தோல் கவரில் ஏறாது, சிலிக்கான் என்றால் ஏறும்” என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தத் தோல் கவரில் ஏறவில்லை என்றால் உள்ளே காந்தப் பூட்டோ தகடோ இருக்கிறது, அல்லது அது 5 மி.மீ. தடிமன்.

இடைவெளி எவ்வளவு பாதிக்கும் என்பதை மி.மீ. கணக்கில் மட்டும் பார்த்தால் புரியாது. காயிலின் அளவோடு ஒப்பிட வேண்டும். போன் காயில்கள் பெரும்பாலும் 40 முதல் 50 மி.மீ. விட்டம் கொண்டவை. அதாவது ஆரம் 20 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. 20 மி.மீ. ஆரமுள்ள ஒரே ஒரு வளையத்தை எடுத்து அதன் நடு அச்சில் புலத்தைக் கணக்கிட்டால், 3 மி.மீ. உயரத்தில் சுமார் 97 சதவீதம் மிஞ்சும், 6 மி.மீ.யில் 88, 10 மி.மீ.யில் 72. நிஜக் காயிலில் பல சுற்றுகள் உண்டு, ஃபெரைட்டும் உண்டு, ஆகவே இறக்கம் இதைவிடச் செங்குத்தாக இருக்கும். ஆனாலும் போக்கு இதுதான். கவரே இல்லாதபோதும் பேடின் மேல் மூடியும் போனின் முதுகுக் கண்ணாடியும் சேர்ந்து சில மி.மீ. இடைவெளி வைத்திருக்கின்றன. அதன்மேல் ஒன்றரை, இரண்டு மி.மீ. கவர் ஏறுவது சார்ஜரை வடிவமைத்தவர் எதிர்பார்த்ததுதான். ஐந்தாறு மி.மீ. ஏறினால் அவர் எதிர்பார்த்த எல்லையைத் தாண்டிவிடுகிறோம்.

பலரும் நினைப்பதற்கு மாறான விஷயம் ஒன்று இருக்கிறது. கவர் தடிக்கத் தடிக்க சார்ஜ் அதே விகிதத்தில் மெதுவாகாது. போனும் பேடும் சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருக்கின்றன. போன் தன் பக்கத்துச் சுமையை மிக நுணுக்கமாகக் கூட்டிக் குறைத்து, விநாடிக்கு 2 கிலோபிட் வேகத்தில், “இன்னும் கொடு”, “கொஞ்சம் குறை”, “போதும், நிறுத்து” என்று செய்தி அனுப்புகிறது. பேட் அதைப் படித்துத் தன் காயிலில் மின்னோட்டத்தை ஏற்றி இறக்குகிறது. ஆகவே 2 மி.மீ. கவர் போட்டால் போன் இன்னும் கொடு என்று கேட்கும், பேடும் கொடுக்கும். போனுக்குள் வந்து சேரும் வாட் அதேதான். வித்தியாசம் பேடின் பக்கம்: அதே வேலைக்கு அது அதிக மின்னோட்டம் ஓட்டுகிறது, காயில் அதிகம் சுடுகிறது, சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம் கூடுகிறது. பேட் தன் உச்சவரம்பைத் தொடும் வரை உங்களுக்கு எதுவும் தெரியாது. தொட்ட பிறகு வேகம் படிப்படியாகக் குறையாது, சட்டென்று கீழ்நிலைக்கு இறங்கும். இன்னும் கொஞ்சம் விலகினால் செய்தியைப் படிக்க முடியாமல் பேட் சார்ஜையே நிறுத்திவிட்டு, மறுபடி போனைத் தேடி, மறுபடி தொடங்கும். ராத்திரியில் “டிங், டிங்” என்று சார்ஜ் இணைந்த ஒலி பலமுறை கேட்டால் நடப்பது இதுதான். ஒரு நாள் ஏறி ஒரு நாள் ஏறாததற்கும் இதுவே விளக்கம்: போன் அந்த எல்லைக்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, 3 மி.மீ. நகர்ந்தால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுகிறது.

உலோகம் வேறு கதை. இண்டக்ஷன் அடுப்பில் பாத்திரம் எப்படிச் சுடுகிறதோ அதே வழியில்தான் இங்கே உலோகத் தகடும் சுடுகிறது. திறன் மட்டும் குறைவு. மாறும் காந்தப்புலம் தகட்டுக்குள் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பும், அந்த மின்னோட்டம் தகட்டைச் சூடாக்கும், கூடவே தன் சொந்தப் புலத்தால் சார்ஜரின் புலத்தை எதிர்க்கும். எவ்வளவு மெல்லிய தகடு போதும் என்று கேட்டால், சாதாரண பேடின் 128 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 1,28,000 சுற்று) அலுமினியத்துக்குள் புலம் ஊடுருவும் ஆழம் கால் மி.மீ.கூட இல்லை. அதனால் அரை மி.மீ. அலுமினியத் தகடு ஏறக்குறைய முழுத் திரை. இரும்பில் இன்னும் மோசம். “மெல்லிசாகத்தானே இருக்கிறது” என்ற சமாதானம் உலோகத்துக்குப் பொருந்தாது.

பேடுகளில் இதற்கொரு காவல் உண்டு. தான் அனுப்பிய திறனையும், போன் “எனக்கு வந்தது” என்று சொல்லும் திறனையும் கழித்துப் பார்க்கும். வித்தியாசம் அளவுக்கு மேல் போனால் நடுவில் ஏதோ உலோகம் குடிக்கிறது என்று முடிவு செய்து நிறுத்திவிடும். விளக்கு சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ சிமிட்டுவது பெரும்பாலும் இதற்குத்தான். க்யூஐ தரநிலையின் முதல் பதிப்பில் இந்தக் காவல் கிடையாது, 1.1 பதிப்பில்தான் வந்தது. சான்று பெறாத மலிவு பேடுகளில் இது எவ்வளவு ஒழுங்காக வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சிறிய தகடு, குறைந்த திறன் என்றால் நல்ல பேடே தவறவிடக்கூடும். அப்போது சார்ஜும் ஏறும், தகடும் சுடும். அதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை. ஏறுகிறதே என்று நாமும் கண்டுகொள்ள மாட்டோம்.

கவரில் உலோகம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்? ரிங் ஹோல்டரில் வளையம் மட்டும் உலோகம் என்று நினைப்போம். கார் காந்தத்தில் ஒட்ட வேண்டும் என்பதற்காகப் பல ரிங்குகளின் அடித்தட்டும் இரும்பாகவே இருக்கும், அது சரியாகக் காயிலின் நடுவில் உட்காரும். வளையத்தைப் பக்கவாட்டில் மடித்து வைத்தாலும் அடித்தட்டு போகாது. காரில் ஒட்டுவதற்காகக் கவருக்கும் போனுக்கும் நடுவே செருகிவைத்த மெல்லிய இரும்புத் தகட்டைப் பலர் மறந்தே போயிருப்பார்கள். படம் பார்க்க நிமிர்த்தி வைக்கும் ஸ்டாண்டின் கீல் இன்னொன்று. பாப் வகைப் பிடிகளில் உலோகம் இல்லாவிட்டாலும், அமுக்கி மூடிய நிலையிலேயே ஆறேழு மி.மீ. உயரம் இருப்பதால் சாதாரண பேடில் ஏறாது. கார்பன் ஃபைபர் கவர் என்று விற்பவற்றில் கவனம் தேவை: நிஜக் கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும், அதனால் தொந்தரவு தரும், பார்க்க அதே மாதிரி இருக்கும் அராமிட் (கெவ்லர் வகை) இழை கடத்தாது, அதோடு தாராளமாக சார்ஜ் செய்யலாம். கார்பன் நெசவு அச்சடித்த பிளாஸ்டிக்கும் அப்படியே. கேமராவைச் சுற்றியுள்ள உலோக வளையம், பொத்தான் மூடிகள், விளிம்பில் மட்டும் ஓடும் குரோம் பூச்சு இவையெல்லாம் காயிலிலிருந்து தள்ளி இருப்பதால் பொதுவாகப் பிரச்சினை செய்யாது. மினுமினுப்புத் தூள் கவர்களும் அப்படித்தான், தூள் ஒன்றோடொன்று ஒட்டித் தகடாக இல்லாத வரை.

சந்தேகம் இருந்தால் இரண்டு சோதனைகள் உண்டு. ஃப்ரிட்ஜ் காந்தம் ஒன்றைக் கவரின் பின்புறம் முழுக்க நகர்த்திப் பாருங்கள். இழுத்தால் உள்ளே இரும்போ காந்தமோ இருக்கிறது. அலுமினியத்தையும் கார்பனையும் இது காட்டிக்கொடுக்காது. அதற்கு மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, இரண்டு முனைகளையும் கவரின் உள்பக்கத்தில் இரண்டு செ.மீ. இடைவெளியில் அழுத்துங்கள். பீப் ஒலித்தால் கடத்துகிறது. மேலே வார்னிஷ் பூசியிருந்தால் ஒலிக்காது, ஓரத்தில் வெட்டுமுனை தெரியும் இடத்தில் தொட வேண்டும்.

தடிமனை அளக்க வெர்னியர் காலிபர் வேண்டும் என்றில்லை. ஏ.டி.எம். கார்டுகள் எல்லாம் 0.76 மி.மீ. தடிமனில்தான் வரும். நாலு கார்டை அடுக்கினால் 3 மி.மீ. அந்த அடுக்கைக் கவரின் கேமரா துளை ஓரத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: துளையைச் சுற்றிக் கேமராவைப் பாதுகாக்க விளிம்பு உயர்த்தியிருப்பார்கள், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் கவரின் முதுகு நான்கு மூலைகளிலும் எழும்பி நடுவில் குழிந்திருந்தால், அகலமான பேடில் வைக்கும்போது அந்த எழும்பலும் இடைவெளிதான். சிறிய வட்ட பேட் குழிக்குள் பொருந்திவிடும், பெரிய பேட் பொருந்தாது. ஒரே கவர் ஒரு சார்ஜரில் ஏறி இன்னொன்றில் ஏறாததற்கு இது ஒரு சாதாரணக் காரணம்.

வைக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான புகார்களின் வேர் இங்கேதான். மேலே நோக்கி 2 மி.மீ. விலகுவதைவிடப் பக்கவாட்டில் 10 மி.மீ. விலகுவது பல மடங்கு கெடுதல். காயிலின் ஆரமே இருபது மி.மீ. சொச்சம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஸ்டாண்டில் போன் உட்காரும் அடித்தாங்கி ஓர் உயரத்தில் நிலையாக இருக்கும். வெறும் போனுக்கு ஏற்ற உயரம் அது. தடித்த கவர் கீழ்விளிம்பில் மூன்று நாலு மி.மீ. சேர்த்தால் போன் காயில் அவ்வளவு மேலே போய்விடும். ஏற்கெனவே சற்று மேலே காயில் உள்ள போன் என்றால் எல்லைக்கு வெளியே விழும். மேலொன்று கீழொன்று என இரண்டு காயில் உள்ள ஸ்டாண்டுகளில் இந்தத் தொல்லை குறைவு. சரிபார்க்கும் வழி எளிது. அடித்தாங்கியை விட்டுச் சற்றுத் தூக்கிப் பிடித்தோ, போனைக் கிடைவாட்டில் திருப்பி வைத்தோ பாருங்கள். ஏறினால் உயரம்தான் குற்றவாளி. படுக்கை பேடில் போனை மெதுவாக ஐந்தைந்து மி.மீ. நகர்த்தி, ஏறத் தொடங்கும் இரு ஓரங்களையும் கண்டுபிடித்து நடுவில் வையுங்கள். அந்த இடத்தில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால் இருட்டிலும் தடவி வைக்கலாம்.

கவர் உதவி செய்யும் இடமும் உண்டு. இப்போதைய போன்களில் கேமரா மேடு இரண்டு மூன்று மி.மீ. துருத்திக்கொண்டிருக்கிறது. வெறும் போனை அகலமான பேடில் வைத்தால் மேடு இடித்துச் சாய்ந்து நிற்கும், காயில் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். 2 மி.மீ. கவர் போட்டால் மட்டமாக உட்காரும். வழுக்கும் கண்ணாடி முதுகு, மெசேஜ் வந்து அதிரும்போது ராத்திரியில் மெல்ல நழுவிப் போவதையும் ரப்பர் கவர் தடுக்கும்.

காந்தம் வந்த பிறகு இந்த இடப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. ஆப்பிள் 2020-இல் ஐபோன் 12 வரிசையோடு மேக்சேஃப் காந்த வளையத்தைக் கொண்டுவந்தது. அதை அடிப்படையாக வைத்து, க்யூஐ தரநிலையைப் பராமரிக்கும் வயர்லெஸ் பவர் கன்சார்டியம் 2023-இல் க்யூஐ2 தரநிலையை அறிவித்தது. அதில் 15 வாட் வரை. 2025-இல் 25 வாட் வகையும் வந்தது. இங்கே கவருக்குப் புது வேலை. போனில் காந்தம் இருந்து கவரில் இல்லாவிட்டால், இடையில் வரும் 2 மி.மீ.யில் பிடிப்பு வெகுவாகத் தளர்ந்துவிடும். மேஜையில் ஏறும், கார் ஹோல்டரில் நழுவும். சாம்சங் கேலக்ஸி எஸ்25 வரிசை தலைகீழ்: போனுக்குள் காந்தம் கிடையாது, காந்தம் வைத்த கவர் போட்டால்தான் அந்த வசதி. அந்த போன்களுக்குக் கவரைக் கழற்றச் சொல்வது தவறான யோசனை.

தனியாக ஒட்டும் வளையங்கள் கடையில் மலிவாகக் கிடைக்கின்றன. ஒட்டினால் ஓரிரு மி.மீ. துல்லியத்தில், கூடவே வரும் அச்சு அட்டையை வைத்து ஒட்டுங்கள். கோணலாக ஒட்டினால் ஒவ்வொரு முறையும் தவறான இடத்துக்கே காந்தம் இழுத்துப் போகும். அறுபடாத முழு இரும்பு வளையத்தைவிட, ஓரிடத்தில் வெட்டு விட்ட வளையம் நல்லது. முழு வளையம் தானே ஒரு குறுக்குச்சுற்றுக் காயில் போல் நடந்து மின்னோட்டத்தைச் சுழலவிடும். ஏற்கெனவே காந்தம் உள்ள போனுக்குக் காந்தக் கவரும் போட்டு அதன்மேல் இன்னொரு வளையமும் ஒட்ட வேண்டாம். மலிவுக் காந்தக் கவரைச் சோதிக்க, மெத்தைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சார்ஜரைப் பிடித்துப் போனோடு தூக்கிப் பாருங்கள். போன் கூடவே வர வேண்டும். லேசாக உலுக்கினாலே விழுந்தால் அந்தக் கவர் கார் ஹோல்டருக்கு ஆகாது.

சூடு. வயர்லெஸ் முறையில் சுவரிலிருந்து எடுப்பதில் கால்வாசி, சில சமயம் அதற்கும் மேல், வெப்பமாகப் போகிறது. ஒரு பகுதி பேடில், ஒரு பகுதி போனுக்குள். போனுக்குள் 3 வாட் வெப்பம் என்று வைத்துக்கொள்வோம். முதுகு முழுக்க அந்த வெப்பம் பரவினால், ஒன்றரை மி.மீ. பிளாஸ்டிக் கவரின் இரு பக்கங்களுக்கும் இடையே சுமார் 2 டிகிரி வித்தியாசம் வரும். காயிலுக்கு நேரே குவிந்தால் இன்னும் சில டிகிரி. அதாவது கவர் சூட்டைக் கூட்டுகிறது என்பது நிச்சயம், ஆனால் பெரும்பங்கு அதனுடையதில்லை. தொளதொள என்ற கவர்தான் அதிகம் சுடவைக்கும்: இடையில் சிக்கும் 1 மி.மீ. காற்று ஏறக்குறைய 7 மி.மீ. பிளாஸ்டிக்குக்குச் சமமான வெப்பத்தடை. அதிர்ச்சி தாங்கத் தேன்கூடு போல் உள்பக்கம் குழி குழியாக இருக்கும் கவர்களுக்கும் இது பொருந்தும்.

இதற்குமேல் நம்மூர் வெயிலைச் சேர்க்க வேண்டும். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மே மாதம் வேலூரிலும் திருத்தணியிலும் வெளியே 40-ஐத் தாண்டும், ஏ.சி. இல்லாத மாடி அறையில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் அனல் விடும். அந்த அறை 35 டிகிரி என்று வைத்தாலும், அதற்குமேல் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறினால் பேட்டரி 45-ஐத் தொடுகிறது. அந்த அளவில் போன்கள் சார்ஜ் மின்னோட்டத்தைக் குறைக்கும், இன்னும் ஏறினால் நிறுத்தும். காலையில் 60-இல் நிற்பதற்கும், 80-இல் நிற்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். 80 என்றால் முதலில் அமைப்புகளில் பேட்டரிப் பாதுகாப்பு வசதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது வேண்டுமென்றே நிறுத்துவது. கவர்மேல் பழி போட வேண்டாம். மெத்தை, தலையணை மேல் பேடை வைக்காதீர்கள். மின்விசிறிக் காற்று படும்படி மர மேஜையில் வைத்தாலே நன்றாகத் தணியும்.

பேட்டரி கெடுமா என்பதில் உறுதியானது இது: லித்தியம் அயான் பேட்டரிக்கு, நிறைய சார்ஜும் அதிகச் சூடும் சேர்ந்து நெடுநேரம் இருப்பது ஆயுளைக் குறைக்கும். சந்தேகத்துக்குரியது இது: சாதாரணக் கவர் சேர்க்கும் இரண்டு மூன்று டிகிரியால் மட்டும் இத்தனை மாதம் முன்னதாகப் போகும் என்று யாராவது எண் சொன்னால், அதற்கு அடிப்படை கேளுங்கள், அறை வெப்பம், எத்தனை மணி நேரம் 100-இல் கிடக்கிறது, போனின் மென்பொருள் என்று எல்லாவற்றையும் பொறுத்தது அது. என் கணிப்பில், தினமும் கவரைக் கழற்றி மாட்டுவதால் கெட்டிப் பிளாஸ்டிக் கவரின் மூலைகள் விரிசல் விடுவதும், மென்மையான கவர் தொளதொளவென்று ஆவதும், ஒரு நாள் வெறும் போன் கை நழுவுவதும் அதைவிடப் பெரிய நஷ்டம். ஆனால் எடுத்தால் கையில் பிடித்திருக்க முடியாத அளவு சுட்டால் அது கவர் விவகாரம் இல்லை, உலோகமோ இட விலகலோ இருக்கிறது.

அடாப்டரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேடின் பெட்டியில் 15 வாட் என்று போட்டிருப்பது தகுந்த அடாப்டர் இருந்தால் மட்டும். பழைய 5 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரில் செருகினால் உள்ளே போவதே 5 வாட், போனுக்குச் சேர்வது அதிலும் குறைவு. டி.வி.யின் யூஎஸ்பி துளையில் செருகினால் தொடங்கித் தொடங்கி நிற்கும். மேக்சேஃபுக்கு 20 வாட் பவர் டெலிவரி (யூஎஸ்பி-சி வழி வேகச் சார்ஜ் முறை) அடாப்டர் வேண்டும். காந்தமில்லாத சாதாரண க்யூஐ பேடில் ஐபோன் 7.5 வாட்டுக்கு மேல் எடுக்காது. 50 வாட் என்று விளம்பரம் செய்யும் ஆண்ட்ராய்டு போன்களுக்கு அந்த நிறுவனத்தின் சொந்த சார்ஜரே வேண்டும். இவற்றில் எதையும் கவரைக் கழற்றிச் சரிசெய்ய முடியாது.

கார்டு செருகும் கவர் வைத்திருப்பவர்கள் கார்டுகளை எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். தட்டினால் பணம் போகும் கார்டு, மெட்ரோ கார்டு, அலுவலக அட்டை இவற்றுக்குள் இருக்கும் நுண்காயிலும் சில்லும் வேறொரு அதிர்வெண்ணுக்காகச் செய்தவை. சார்ஜரின் புலம் நேராகத் தாக்கினால் கெடக்கூடும். பின்னால் கறுப்புக் காந்தப் பட்டை உள்ள கார்டைக் காந்த வளையத்தோடு உரச விடக் கூடாது. ஒருமுறை மறந்தால் கட்டாயம் போய்விடும் என்றில்லை, ஆனால் போனால் வங்கிக்கு அலைவது நீங்கள்தான். தோல் கவரில் மேக்சேஃப் வட்டத் தடம் பதியும். அது அழகுக் குறை மட்டுமே.

உங்கள் கவரைப் பார்க்காமல் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. நீங்களே இரண்டு இரவில் கண்டுபிடிக்கலாம். போன் 30, 40 சதவீதத்தில் இருக்கும்போது ஏரோபிளேன் மோடில் போட்டு, திரையை அணைத்து, கவர் இல்லாமல் அரை மணி நேரம் வைத்து எத்தனை சதவீதம் ஏறியது என்று குறியுங்கள். நன்றாக ஆறவிட்டு, அடுத்த நாள் அதே நேரம், அதே அறை, அதே அடாப்டரில், அதே 30, 40-இல் தொடங்கிக் கவரோடு வையுங்கள். 5,000 எம்.ஏ.எச். பேட்டரிக்குள் சுமார் 19 வாட்-மணி அடங்கும். அரை மணியில் 11, 12 சதவீதம் ஏறினால் போன் 5 வாட் நிலையில் இருக்கிறது, 22-க்கு மேல் என்றால் 10 வாட் அளவில். கவர் இல்லாமல் 22, கவரோடு 20 என்றால் அந்தக் கவரை மறந்துவிடுங்கள். 22-லிருந்து 11-க்கு விழுந்தால் ரிங்கை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஹேர் டிரையரால் மிதமாகச் சூடு காட்டி, பல்லிடுக்கு நூலை அடியில் விட்டு அறுத்தால் கவரை விட்டு வந்துவிடும். கேபிளின் நடுவில் செருகும் யூஎஸ்பி மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது காட்டுவது பேட் இழுக்கும் வாட், போனுக்குச் சேர்ந்தது இல்லை. கவரோடு வைத்தபோது மீட்டர் எண் கூடினால் அது வேகமில்லை, விரயம்.

கவர் இல்லாமலும், நடுவில் சரியாக வைத்தும், நல்ல அடாப்டரிலும் விட்டுவிட்டு ஏறினால் பிரச்சினை போனுக்குள். முதுகுக் கண்ணாடி உடைந்து வெளிக்கடையில் மாற்றியிருந்தால் காயிலின் இணைப்பு சரியாக அமராமலோ, ஃபெரைட் தகடு கிழிந்தோ, பழைய பசையோடு நகர்ந்தோ போயிருக்கலாம்; அந்தக் கடையிலேயே முதலில் கேளுங்கள். இன்னொன்றையும் பாருங்கள்: கவரைக் கழற்றும்போது முதுகு ஓர் ஓரத்தில் மெல்லத் தூக்கியிருக்கிறதா, தட்டையான மேஜையில் போன் ஆடுகிறதா? பேட்டரி உப்பியிருந்தால் இறுக்கமான கவர் அதை வெளியே தெரியாமல் அமுக்கி வைத்திருக்கும். அப்படியிருந்தால் வயரிலும் சார்ஜ் போடாதீர்கள், அழுத்திச் சரிசெய்யவும் முயலாதீர்கள். அணைத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள்.